விரலை எடுக்க வேண்டிய இடம்

ஜூன் 9, ஞாயிறு

சங்கவி வந்திருந்தாள். அம்மா காலையிலேயே மார்க்கெட்டுக்குப் போய் வஞ்சிரம் வாங்கி வந்து வறுத்தாள். வாரம் முழுக்க எனக்கு ரசமும் அப்பளமும்தான். சின்னவள் வருகிறாள் என்றால் மட்டும் பூந்தமல்லிக்குக் கடல் வந்துவிடும்.

தங்கை வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தாள். அவள் வேலை பார்ப்பது பெருங்குடியில் ஒரு மாடியில் இயங்கும் சின்ன வீடியோ கேம் கம்பெனியில். இதுவரை சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் விளம்பர விளையாட்டு செய்துகொண்டிருந்தார்கள். இப்போது முதல்முறையாக உருப்படியான ஒன்று. ‘பிடி’ என்று பெயர். தென்கொரியாவின் ஜேஜு தீவில், 1948, 49 வாக்கில், கலகக்காரர்களை ஒழிக்கிறோம் என்று அரசாங்கப் படையினர் மலையடிக் கிராமங்களை எரித்து ஜனங்களைச் சுட்டுத் தள்ளினார்களே, அந்தக் கதை. தீவில் இருக்கும் ஓர் அறக்கட்டளை செலவை ஏற்றுக்கொள்கிறதாம்.

அந்தக் கதை இவளுக்கு எங்கிருந்து கிடைத்தது? நான் சொன்னது. யாங் யோங்ஜா என்ற எழுத்தாளரின் ‘பனி நின்ற முற்றம்’ நாவலை மூன்று வருடமாகத் தமிழில் பெயர்த்துக்கொண்டிருக்கிறேன். ஒருநாள் பஸ்ஸில் நின்றுகொண்டே இவளிடம் கதையைச் சொன்னேன். இவள் யாங் அம்மாவின் முகவரியை என்னிடமே வாங்கி, கடிதத்தையும் கொரியனில் என்னையே எழுத வைத்து, ஒரே வாரத்தில் அனுமதி வாங்கிவிட்டாள். என் மொழிபெயர்ப்பு இரண்டு பதிப்பகங்களில் தூங்குகிறது. “கொரியான்னா லவ் ஸ்டோரி ஏதாவது இருக்கா மேடம்?” என்று ஒருவர் கேட்டார்.

எனக்குப் பொறாமை ஒன்றும் இல்லை. எழுதி வைக்கிறேன்.

ஜூன் 11

ஒரகடத்தில் எங்கள் தொழிற்சாலையில் இன்று பம்பர் பெயின்ட் கொப்புளித்துவிட்டது. கொரிய மேலாளர் கிம் சார் கொதித்தார். நான் நடுவில். மொழிபெயர்ப்பவர் ‘அவர் சொல்கிறார்’ என்று சொல்லக் கூடாது, பேசுகிறவராகவே பேச வேண்டும் என்பது எங்கள் தொழில் வழக்கம். ஆகவே லைன் லீடர் முருகவேலைப் பார்த்து, “நாளைக்கும் இப்படி வந்துச்சுன்னா உன்னை நான் இங்க பாக்கக் கூடாது” என்றேன். அவர் கிம் சாரை விட்டுவிட்டு என்னை முறைத்தார். பதினைந்து வருடமாக இந்த முறைப்பை வாங்கித்தான் சம்பளம் வாங்குகிறேன்.

கம்பெனி பஸ்ஸில் வரும்போது சங்கவியின் போன். யாங் அம்மாவோடு பேசும்போதெல்லாம் நான் மொழிபெயர்க்க வேண்டுமாம். “அக்கா இருக்கும்போது வெளியாள் எதுக்கு?” என்றாள். அக்கா என்றால் இலவசம்.

ஒத்துக்கொண்டேன். அவள் யாங் அம்மாவோடு நான் இல்லாமல் பேசுவதைவிட இது மேல்.

ஜூன் 15, சனி

பெருங்குடிக்குப் போய் அந்த விளையாட்டைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

நாவலைப் பற்றி முதலில் எழுதுகிறேன். அதில் கதை சொல்வது ஏழு வயதுப் பெண் குழந்தை. யாங் அம்மாவேதான் அது. வீடு எரிகிறது. பதினேழு வயது அக்கா குழந்தையை இழுத்துக்கொண்டு ஓடுகிறாள், குகையில் ஒளிகிறாள், பனியில் நடக்கிறாள். கடைசியில் சிப்பாய்கள் ஊரையே பள்ளிக்கூட முற்றத்தில் நிறுத்துகிறார்கள். போலீஸ் குடும்பங்களை மட்டும் ஓரமாகப் பிரிக்கிறார்கள். அக்கா ஒரு போலீஸ்காரன் மனைவியிடம் தங்கையைத் தள்ளிவிடுகிறாள். கடைசி வரி: ‘அக்கா என் கையை விட்டாள்.’ அவ்வளவுதான். சுட்டார்கள் என்றுகூட எழுதவில்லை.

தீவில் அதைப் பற்றி வாய் திறந்தாலே போலீஸ் வந்த காலம் ஒன்று உண்டு. நீண்ட காலம் அதற்கு ஒரு பெயர்கூடக் கிடையாது, ஏப்ரல் மூன்றாம் தேதியை வைத்து ‘நாலு-மூணு’ என்பார்கள். யாங் அம்மா அறுபது வயதுக்குமேல்தான் எழுதினார். தன்னை அக்கா காப்பாற்றினாள் என்று புத்தகத்தில் எல்லோருக்கும் புரியும், எழுதியவருக்கு மட்டும் அக்கா கையை விட்டது மட்டுமே ஞாபகம். அந்த வரியின் தமிழுக்காக நான் எத்தனை தாளைக் கிழித்தேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

இப்போது சங்கவியின் வேலை. அவள் விளையாட்டில் நாம் குழந்தை இல்லை, அக்கா. டேப்லெட் திரையில் குழந்தையின் கைமேல் நம் விரலை வைத்து அழுத்திக்கொள்ள வேண்டும். தீயில், குகையில், பனியில், ஆரம்பம் முதல் விரலை எடுக்கவே கூடாது. எடுத்தால் குழந்தை தொலைந்துவிடும். ஒரு மணி நேரம் இப்படி. விரல் மரத்துப்போகிறது. பிறகு முற்றம். அங்கே விரலை எடுத்தாக வேண்டும். எடுக்கச் சொல்லி எழுத்தோ சத்தமோ எதுவும் வராது. எடுத்தால் குழந்தை தனியாக அந்த ஓரத்துக்கு நடந்து போகும், திரை வெள்ளையாகிவிடும். எடுக்காவிட்டால் இரண்டு பேரும் விழுவார்கள். மறுபடி முற்றத்து வாசலிலிருந்து ஆரம்பம்.

நான் விரலை எடுத்தேன். எடுத்துவிட்டு அத்தனை பேர் முன்னாலும் அழுதேன். சங்கவி டிஷ்யூ நீட்டினாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து இன்னும் அழுகை வந்தது, ஆனால் அது வேறு அழுகை. முந்நூறு பக்கம் உழுது நான் போய்ச் சேராத இடத்துக்கு இவள் ஒற்றை விரலில் போய்விட்டாள்.

முதலாளி நந்தகிஷோர் அங்கே ஒரு துப்பாக்கி கேட்டாராம். திருப்பிச் சுட ஒன்றும் இல்லையென்றால் யார் விளையாடுவார்கள் என்று. “அந்த ஊர்ல அன்னிக்கு யார் கையிலயும் துப்பாக்கி இல்ல சார். விளையாடறவங்களுக்கு மட்டும் எங்கேருந்து வரும்?” என்று இவள் கேட்டிருக்கிறாள். நல்ல பதில். நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்.

ஜூன் 16

தண்ணீர் லாரி வரவில்லை. தலைவலி.

ஜூன் 20

நாலாம் அத்தியாயத்தைத் திருத்த உட்கார்ந்தேன். சிப்பாய்களுக்கு யாங் அம்மா முகமே தரவில்லை, குழந்தையின் உயரத்திலிருந்து பூட்ஸும் துப்பாக்கிக் கட்டையும் மட்டும் தெரியும். சங்கவியின் விளையாட்டிலும் அப்படியே. என் தமிழைப் படித்துத்தான் எடுத்திருக்கிறாள், கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பேன், ஆனால் கேட்டிருக்கலாம்.

நம் ஊர் பேப்பரில் ‘துப்பாக்கிச் சூடு நடந்தது’ என்று போடுகிறார்கள். மழை பெய்தது மாதிரி. கொரியனில் அந்த இடத்தில் ‘சுட்டார்கள்’ என்று இருக்கிறது. நானும் முதல் வரைவில் கைப்பழக்கத்தில் ‘துப்பாக்கிச் சூடு நடந்தது’ என்று போட்டிருந்தேன். இன்று மாற்றினேன். இதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள்.

ஜூன் 23, ஞாயிறு

அம்மா விளையாடினாள். சங்கவி டேப்லெட்டை மடியில் வைத்துக் கொடுத்தாள். அம்மாவுக்குப் பனியில் நடக்கவே அரை மணி நேரம் ஆயிற்று. முற்றம் வந்ததும் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை, சட்டென்று விரலை எடுத்துவிட்டாள்.

“எப்படிம்மா உடனே எடுத்தே?” என்று சங்கவி கேட்டாள்.

“பின்ன? புள்ள பொழைக்கணும்ல?” என்றாள் அம்மா. அப்புறம் என்னைக் காட்டி அவளிடம், “இவளும் உன்னை இப்பிடித்தான் இடுப்புல தூக்கிக்கிட்டே திரிவா. கீழ விட்டா அழுவே” என்றாள்.

சங்கவி என் தோளில் சாய்ந்தாள். நான் குக்கர் விசில் பார்க்க எழுந்து போனேன்.

ஜூன் 28

‘பிடி’க்கு ஒரு சிக்கல். அறக்கட்டளையின் நிபந்தனை இது: யாங் அம்மா விளையாட்டைக் கடைசிவரை விளையாடிப் பார்த்து, சம்மதம் என்று கேமரா முன்னால் சொல்ல வேண்டும். ஜூலை பதினைந்துக்குள். இல்லையென்றால் பணம் நின்றுவிடும், விளையாட்டு வெளியே வராது. பத்து நாளாக யாங் அம்மா விளையாடிக்கொண்டிருக்கிறார், முடிக்கவில்லை. முற்றத்தில் நிற்கிறார். இரண்டு பேரும் விழுகிறார்கள், மறுபடி வாசலிலிருந்து வருகிறார். ஒரே நாளில் நாற்பது தடவை என்று கம்ப்யூட்டர் காட்டுகிறதாம்.

“எண்பத்திரண்டு வயசு. விரலை எடுக்கணும்னு புரியல போல” என்றாள் சங்கவி. குரல் உள்ளே போயிருந்தது.

எனக்கு மனம் லேசாயிற்று. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது. இரவு நன்றாகத் தூங்கினேன்.

ஜூலை 1

சங்கவி சொல்லச் சொல்ல யாங் அம்மாவுக்குக் கொரியனில் செய்முறை எழுதி அனுப்பினேன். ‘முற்றத்துக்கு வந்ததும் கையை விடவும். கையை விட்டால் அடுத்த காட்சி வரும்.’ படம் போட்டு, அம்புக்குறி போட்டு அனுப்பினோம். அனுப்பிய பிறகு அந்த வாக்கியத்தை ஒருமுறை படித்தேன். யாருக்கு என்ன எழுதியிருக்கிறோம் என்று ஒரு மாதிரி இருந்தது. ஆனால் கேட்டது அவள், எழுதியது மட்டும் நான்.

பதில்: ‘படம் தெளிவாக இருக்கிறது. நன்றி.’

கம்ப்யூட்டரில் இன்றும் அதே கதை. விழுகிறார்கள், மறுபடி வருகிறார்கள்.

ஜூலை 6, சனி

பதினோரு மணிக்கு வீடியோ கால். சங்கவியும் நானும் பெருங்குடி ஆபீஸில் அவள் அறையில், யாங் அம்மா ஜேஜுவில் தன் சமையலறையில். குட்டை முடி, பெரிய கண்ணாடி, முன்னால் ஒரு கிண்ணத்தில் ஆரஞ்சு. பேசிக்கொண்டே ஒன்றை எடுத்து, தோல் அறுபடாமல் ஒரே சுருளாக உரித்தார்.

சங்கவி விரலை எப்படி எடுப்பது என்று மறுபடி விளக்கினாள். நான் சொன்னேன். யாங் அம்மா கேட்டுவிட்டு, என்னைப் பார்த்து மெதுவாகப் பேசினார். ஒரு வார்த்தை விடாமல் எழுதுகிறேன், ஏனென்றால் அங்கே அதைச் சொல்லவில்லை.

“எப்படி எடுக்கணும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் எடுக்காம இருக்கேன். அக்கா என் கையை விட்டான்னு இத்தனை வருஷம் அழுதேன், அதையே புஸ்தகமும் எழுதினேன். இப்போ உன் தங்கச்சி என்னை அக்காவா ஆக்கிட்டா. அந்தப் பொண்ணு கை என் விரலுக்கடியில இருக்கு. என்னால விட முடியல. உன் தங்கச்சிகிட்ட ஒண்ணு கேளு. விடாமலே ரெண்டு பேரும் வெளியே வர்ற மாதிரி ஒரு வழி செஞ்சு தருவாளா? எனக்கு மட்டும். யாருக்கும் காட்ட வேண்டாம்.”

மூன்று வருடத்தில் என்னிடம் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றச் சொன்னதில்லை. அவருடைய தீவுப் பேச்சு புரிய வேண்டும் என்று கம்பெனி பஸ்ஸில் வட்டார அகராதியை மனப்பாடம் செய்தவள் நான். அவர் மனதுக்குள் இருந்ததைக் கேட்டதோ, கொரியனில் வணக்கம் சொல்லத் திணறும் இவளிடம். நான் நடுவில் குழாய்.

சங்கவி இதைக் கேட்டால் ஒரே ராத்திரியில் செய்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும். அப்புறம் யாங் அம்மா சாகிறவரை அவளைத்தான் நினைத்துக்கொண்டிருப்பார்.

“என்னக்கா சொல்றாங்க?” என்றாள்.

“அவங்களுக்கு விரல் வலியாம். மூட்டுவாதம். ஒரு தடவை அழுத்தி மடங்கிடுச்சுன்னா நிமித்த முடியலையாம்” என்றேன்.

அது எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. சங்கவி திரையைப் பார்த்தாள். யாங் அம்மா சுளையை வாயில் போட்டுக்கொண்டிருந்தார். “பாத்தா நல்லாத்தானே உரிக்கறாங்க?”

“அது பழக்கம்.”

யாங் அம்மாவிடம், “யோசிக்கிறேன் என்கிறாள்” என்றேன். அவர் இரண்டு கையையும் சேர்த்துத் தலை வணங்கினார்.

பெரிய கூட்டங்களிலும் பேச்சைச் சுருக்குவதுண்டு. தொழிலில் இது சகஜம்.

ஜூலை 7

அம்மாவுக்கு தைராய்டு மாத்திரை வாங்கினேன். துணி துவைத்தேன். சங்கவி போன் செய்தாள், எடுக்கவில்லை.

ஜூலை 10

சங்கவி மாற்றிவிட்டாள். ‘விரல் நிமித்த முடியாதவங்களுக்காக’ என்றாள். இப்போது முற்றத்தில் கொஞ்ச நேரம்வரை விரலை எடுக்காமல் இருந்தால் ஒரு பூட்ஸ் வரும், ஒரு துப்பாக்கிக் கட்டை வரும், நாம் எவ்வளவு அழுத்தினாலும் கை பிரிந்துவிடும். குழந்தை அந்த ஓரத்துக்கு உருண்டு போகும். திரை வெள்ளையாகும்.

ஆபீஸ் பாத்ரூமில் நின்று என் போனில் விளையாடிப் பார்த்தேன். நகம் வெளுக்கிற அளவுக்கு அழுத்தினேன். கை பிரிந்தது.

யாங் அம்மா எதிர்பார்த்துக்கொண்டிருப்பது இரண்டு பேரும் தப்பிக்கிற வழி. அவர் வீட்டுக்கு இப்போது போய்க்கொண்டிருப்பது இது. தடுத்து நிறுத்த வேண்டுமென்றால் சனிக்கிழமை சொன்னது பொய் என்று சொல்ல வேண்டும். போனை எடுத்தேன். மறுபடி வைத்தேன்.

ஜூலை 13, சனி

வீடியோ கால் பதினோரு மணிக்கு. யாங் அம்மா என்னைத் திட்டப் போகிறார், விஷயம் சங்கவிக்குத் தெரியப் போகிறது, இரண்டு பேரும் எனக்கு இல்லையென்று ஆகப் போகிறது. பஸ்ஸில் வரும்போதே ராஜினாமாக் கடிதம் மாதிரி ஒன்றை மனதுக்குள் எழுதிப் பார்த்தேன்.

யாங் அம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்திருந்தார். கிண்ணம் இல்லை. நேற்று முழுக்க விளையாடினேன் என்றார். பிறகு பேசினார், நான் ‘நான்’ என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

“நான் விடல. அழுத்திக்கிட்டேதான் இருந்தேன். அவன் வந்து பிரிச்சான். மறுபடி போனேன், இன்னும் அழுத்தினேன். மறுபடி பிரிச்சான். எத்தனை தடவை போனாலும் நான் விடவே இல்ல, எத்தனை தடவையும் கை போயிடுச்சு.”

நிறுத்தினார். அடுத்து அவர் பேசியது எங்களிடம் இல்லை. ஏதோ ஒரு பக்கம் பார்த்துத் தீவுப் பேச்சில் பேசினார். “ஒன்னி” என்று ஆரம்பித்தார். ஒன்னி என்றால் அக்கா. அந்தப் பேச்சு அந்த அறையில் எனக்கு மட்டும்தான் புரியும். விட்டிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் வாய் சொல்லிவிட்டது.

“அக்கா, நீ என் கையை விடலையா? நான் குழந்தை, எனக்குத் தெரியல. உன் கை போச்சுன்னு மட்டும் தெரிஞ்சுது. நீயும் இப்பிடித்தான் புடிச்சுக்கிட்டே இருந்தியா?”

சங்கவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். யாங் அம்மா நீண்ட நேரம் அழுதார், பிறகு மூக்கைச் சிந்தினார், பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்தாளர் ஆகிவிட்டார்.

“இது யாருக்குத் தோணுச்சு? எனக்குத் தோணல. நான் அங்க இருந்தவ, எனக்கே தோணல.”

சங்கவியிடம் சொன்னேன். அவள் என்னை நேராகப் பார்த்தாள். “உங்க விரலைப் பத்தி அக்கா சொன்னா. அதிலேருந்துதான் வந்துச்சு. அப்படியே சொல்லு அக்கா.”

அப்படியே சொன்னால் யாங் அம்மா “என் விரலுக்கு என்ன?” என்று கேட்பார்.

“வேலை செய்யும்போது தானாக வந்ததாம்” என்றேன்.

யாங் அம்மா சங்கவியைப் பார்த்துத் தலை வணங்கினார். ரொம்ப நேரம் நிமிரவில்லை. கேமரா முன்னால் சம்மதமும் சொன்னார். ‘பிடி’ வெளியே வரும்.

அந்த யோசனை என்னுடையது. பொய்தான், ஆனால் என் பொய். அதை எவளிடமும் உரிமை கொண்டாட முடியாது என்பதை நினைத்தால் இந்தப் பேனாவை ஒடிக்க வேண்டும் போல இருக்கிறது.

ஜூலை 14

யாங் அம்மா எனக்குத் தனியாக எழுதியிருக்கிறார். தமிழ் மொழிபெயர்ப்பில் கடைசி வரியை மாற்ற வேண்டுமாம். ‘கொரியனில் அச்சாகி எல்லோர் வீட்டிலும் இருக்கிறது, அதை இனி ஒன்றும் செய்ய முடியாது. தமிழிலாவது சரியாக இருக்கட்டும். உன் தங்கை எனக்குக் காட்டியதை எழுது.’

உன் தங்கை.

ஜூலை 16

ஒரு பதிப்பகம் விழித்துக்கொண்டது. விளையாட்டைப் பற்றிப் பத்திரிகையில் வந்ததாம், அதன் ‘ஒரிஜினல்’ என்னிடம்தானே இருக்கிறது, உடனே அனுப்புங்கள் மேடம் என்கிறார்கள். சங்கவியால் என் புத்தகம் வருகிறது. அம்மா தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்: “சின்னவ கேமை வெச்சு பெரியவ புஸ்தகம் வருது.”

ஜூலை 21, ஞாயிறு

சங்கவி வந்தாள். அம்மா தூங்கியபிறகு சமையலறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

“அந்த முதல் கால் ரெக்கார்ட் ஆச்சுக்கா. அறக்கட்டளைக்குக் கணக்கு காட்டறதுக்காக எல்லா காலும் ரெக்கார்ட் பண்றோம். அன்னிக்கு சாயங்காலமே ஆபீஸ்ல அதை மொழிபெயர்ப்பு ஆப்ல போட்டேன். அரைகுறையாத்தான் வந்துச்சு. ஆனா விரல் வலின்னு எங்கயும் வரல.”

குழாயை மூடினேன். பதினைந்து வருஷத் தொழில். ஒரு ஆப்.

“அப்ப தெரிஞ்சேதான் அதைச் செஞ்சியா?”

“ஆமா. கோவம் வந்துச்சு. உனக்குப் போன் பண்ணேன், நீ எடுக்கல. அப்புறம் உக்காந்து யோசிச்சேன். விரலை நிமித்த முடியாதவங்கன்னு நீ சொன்னியே, அப்படி ஒருத்தர் அந்த முத்தத்துல நின்னா என்ன ஆகும்? சிப்பாய் சும்மா இருப்பானா? நான் பாட்டுக்கு ‘விடு, விடாதே’ன்னு விளையாடறவங்க தலையில கட்டிட்டேன். அந்தப் பொண்ணுக்கு யாரு சாய்ஸ் குடுத்தா? நீ பொய் சொல்லலேன்னா எனக்குத் தோணியே இருக்காது.”

என் பொய்யைக்கூட இவள் வாங்கி என்னைவிட நன்றாகச் செய்துவிட்டாள். அவளை அறையலாமா, கட்டிக்கொள்ளலாமா என்று தெரியாமல் ஈரக் கையோடு நின்றேன்.

“ஏன்க்கா அப்படிச் சொன்னே?”

“பொறாமை” என்றேன். சொல்லிவிட்டேன். வாய்விட்டுச் சொன்னால் ரொம்பச் சின்ன வார்த்தையாக இருந்தது. “உன்மேல வயிறெரிஞ்சுபோய்க் கிடக்கேன். இன்னும்தான்.”

“தெரியும். சின்னதுலேருந்தே தெரியும்.” அவள் கண் கலங்கியிருந்தது, ஆனால் அழவில்லை. “ஆனா அவங்க கேட்டதை மறைச்சே பாரு, அதுதான் தப்பு. என்னை விடு. அவங்க எண்பத்திரண்டு வயசுல வெக்கத்தை விட்டு ஒண்ணு கேட்டாங்க.”

போனை எடுத்து ஒரு லிங்க் அனுப்பினாள். என் போன் மேடையில் அதிர்ந்தது.

“ரெண்டு பேரும் தப்பிக்கறது. ஆப்ல கேட்ட அன்னிக்கு ராத்திரியே செஞ்சுட்டேன். ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது. அனுப்பலாமா கூடாதான்னு இத்தனை நாளா வெச்சுக்கிட்டு முழிக்கிறேன். ஒரு விதத்துல பாத்தா அது பொய். அந்த முத்தத்துலேருந்து அப்படி யாரும் தப்பிக்கல. ஆனா கேட்டது அவங்க. நீதான் அவங்களை மூணு வருஷமா படிக்கிறே. நீயே முடிவு பண்ணு. வேணாம்னா அழிச்சுடு, நான் கேக்க மாட்டேன்.”

பிறகு சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டுச் சட்டியைத் திறந்து பார்த்தாள்.

ஜூலை 22

லீவு போட்டேன். விளையாடினேன்.

முற்றம் வருகிறது. விரலை எடுக்காமல் இருக்கிறேன். பூட்ஸ் வருகிறது. நம்மைத் தாண்டிப் போய்விடுகிறது. அவ்வளவுதான். அக்கா மெதுவாக வாசல் பக்கம் நடக்கிறாள், குழந்தையும் நடக்கிறது, வெளியே கடற்கரை வரைக்கும் பாதை. யாரும் சுடவில்லை. விரலை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், எடுத்தாலும் குழந்தை பக்கத்திலேயே நடந்து வருகிறது. இதற்கு முடிவே வைக்கவில்லை. அவர்கள் நடந்துகொண்டே இருக்கிறார்கள்.

சங்கவி சொன்னது சரி. ஒரு ராத்திரியில் செய்துவிட்டாள்.

அழிக்கிற பட்டன் பக்கத்திலேயே இருந்தது. அழித்தால் அவள் கேட்க மாட்டாள், யாங் அம்மாவுக்குத் தெரியவே தெரியாது. சாயங்காலம்வரை அதையும் இதையும் செய்தேன். அரிசி களைந்தேன், சிலிண்டர் புக் செய்தேன்.

ஆறு மணிக்கு அனுப்பினேன். கூடவே எழுதினேன்: ‘முதல்முறை நீங்கள் கேட்டதை நான் என் தங்கையிடம் சொல்லவில்லை. உங்களுக்கு விரல் வலி என்று பொய் சொன்னேன். அவள் தானாகவே தெரிந்துகொண்டு இதைச் செய்தாள். இது முழுக்க அவளுடையது.’ கொரியனில் நான் எழுதியதிலேயே சுலபமான கடிதம் இதுதான், ஒரு இடத்திலும் அகராதி தேவைப்படவில்லை.

பிறகு கடைசி வரியைத் திருத்தினேன். ‘அக்கா என் கையை விடவில்லை. பிரித்தார்கள்.’ நன்றாக இருக்கிறது. பழையதைவிட நன்றாக இருக்கிறது. அதுதான் எரிச்சல்.

ஜூலை 25

யாங் அம்மாவின் பதில் வந்தது. என் பொய்யைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அது மன்னிப்பா தண்டனையா என்று எனக்குப் புரியவில்லை, மூன்று தடவை படித்தும்.

‘வந்து சேர்ந்தது. ஒருமுறை விளையாடினேன். கடற்கரை வரை போனோம். பிறகு டேப்லெட்டைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். இனி விளையாட வேண்டாம் என்று இருக்கிறேன், ஆனால் வீட்டில் இருக்கட்டும். உன் தங்கையிடம் சொல்: எழுதி என்னால் செய்ய முடியாததை நீ செய்தாய். எனக்கு உன்னைப் போல ஒரு வாசகி இத்தனை வருடத்தில் கிடைத்ததில்லை.’

வாசகி என்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். அந்த வார்த்தைக்காகத்தான் மூன்று வருடம் உட்கார்ந்திருந்தேன். அதை மட்டும் விட்டுவிட்டு மீதியைச் சொன்னாலும் போதும், சங்கவிக்குக் குறை ஒன்றும் இருக்காது.

சங்கவிக்குப் போன் போட்டேன். பெருங்குடியில் ஏதோ இரைச்சல், வெளியே வந்து பேசினாள்.

“யாங் அம்மா பதில் போட்டிருக்காங்க” என்றேன். “எழுதி என்னால செய்ய முடியாததை நீ செஞ்சே. எனக்கு உன்னை மாதிரி ஒரு வாசகி இத்தனை வருஷத்துல கிடைச்சதில்ல.”

எனக்கு வயிறு எரிந்தது. இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன்.